கையெழுத்துப் போடும் முன் கணக்குக் கேளுங்கள்

கேள்வி: கோவை சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூற்பாலையில் ரிங் ஃப்ரேம் (நூல் நூற்கும் மெஷின்) ஃபிட்டராக இருக்கிறேன். வயது 51. 2001 ஆகஸ்டில் பதிலியாக, அதாவது வராதவர்களுக்கு மாற்று ஆளாகச் சேர்ந்தேன், 2004 ஆகஸ்டில் நிரந்தரம் செய்தார்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 15,600 ரூபாய். மற்ற படிகளோடு 20,000. என் அப்பாவும் இதே மில்லில்தான் வேலை பார்த்தார். ஏப்ரல் கடைசியில் மில்லை மூடப்போகிறார்களாம். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் தருவதாகச் சொல்லிப் பத்து நாள் கெடு வைத்திருக்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளர்கள் 210 பேரில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நானும் போடலாமா? பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாமா? மில் தொழிலாளர் கூட்டுறவு சொசைட்டியில் ஒன்றரை லட்சம் கடன் பாக்கி இருக்கிறது. அதை என்ன செய்வது?
— வாசகர், கோவை

அன்புள்ள வாசகருக்கு,

அந்தக் காகிதம் இப்போது இருக்கிற வடிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மில் மூடுவதை உங்களால் தடுக்க முடியாமல் போகலாம். ஆனால் நீங்கள் வெளியே வருவதற்கு எந்தக் காரணம் எழுதப்படுகிறது என்பது இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. 'மில் மூடியதால் வேலை போனது' என்று பதிவானால் கிடைக்கிற பணம் வேறு, 'சொந்த விருப்பத்தில் ராஜினாமா' என்று பதிவானால் கிடைக்கிற பணம் வேறு.

முதலில் மூன்றரை லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) உங்களுக்கு எப்படி வெளியேறினாலும் உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 15,600-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 600. 15 நாளுக்கு 9,000. 2026 ஏப்ரலோடு உங்களுக்கு 24 வருஷம் 8 மாதம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அதை முழு ஆண்டாகவே எடுக்க வேண்டும் என்பதால் 25 ஆண்டு. ஆக 2,25,000 ரூபாய்.

அடுத்தது மூடல் நஷ்ட ஈடு. ஆலையை மூடினால், ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்குத் தருவதைப்போலவே ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியம் தர வேண்டும். இங்கே 26-ஆல் வகுக்கும் கணக்கு கிடையாது. மாதச் சம்பளக்காரருக்கு அரை மாதச் சம்பளம் என்பதே உச்ச நீதிமன்றம் சொன்ன முறை. 15,600-ல் பாதி 7,800, 25 ஆண்டுக்கு 1,95,000. படிகளில் எவற்றைச் சேர்ப்பது என்பதைப் பொறுத்து இது கூடலாம், இதற்குக் கீழே போகக் கூடாது. முன்னறிவிப்பு தராவிட்டால் ஒரு மாத ஊதியம் 15,600.

மூன்றையும் கூட்டினால் 4,35,600. விடுப்புச் சம்பளமும் நடப்பு ஆண்டின் போனஸும் இதில் வரவில்லை. அதாவது அவர்கள் தாராளமாகத் தருவதாகச் சொல்லும் தொகை, சட்டப்படி சும்மா இருந்தாலே வர வேண்டியதைவிட 85,600 ரூபாய் குறைவு.

இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி எங்கிருந்து வருகிறது என்பதை ஊகிக்கலாம். உங்கள் சர்வீஸை 2004-லிருந்து, அதாவது 22 ஆண்டு என்று எடுத்திருப்பார்கள். கோவை மில்களில் இது நெடுநாள் வழக்கம். பதிலியாக இருந்த காலத்தைக் கணக்கில் விட்டுவிடுவார்கள். உங்கள் விஷயத்தில் அந்த மூன்று வருஷத்தின் மதிப்பு கிராஜுவிட்டியில் 27,000, நஷ்ட ஈட்டில் 23,400, மொத்தம் 50,400 ரூபாய். பதிலியாக இருந்தபோதும் ஒவ்வொரு ஆண்டும் 240 நாள் வேலை செய்திருந்தால் அந்தக் காலமும் தொடர்ச்சியான சர்வீஸ்தான். இதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். பழைய பதிலி அட்டை, 2001 முதல் 2004 வரையிலான சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கில் சேர்ந்த தேதி, இ.எஸ்.ஐ. அட்டையில் இருக்கும் பதிவுத் தேதி எல்லாவற்றையும் இன்றைக்கே தேடி எடுத்துப் படம் பிடித்து வையுங்கள். மில் மூடிய பிறகு டைம் ஆபீஸ் ரெஜிஸ்டரைப் பார்க்கக் கேட்டால் காட்டுவதற்கு அங்கே ஆள் இருக்க மாட்டார்கள். 22 ஆண்டு என்று அவர்கள் கணக்கையே ஏற்றுக்கொண்டாலும் 3,85,200 வருகிறது. அப்போதும் மூன்றரை லட்சம் போதாது.

இனி மூடும் முறை. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. அதுவரை 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும் என்றிருந்தது. அந்த வரம்பு இப்போது 300 ஆகிவிட்டது. 210 பேர் உள்ள உங்கள் மில்லுக்கு இது நேரடியான பாதிப்பு, அதை மறைத்துச் சொல்லிப் பயனில்லை. ஆனாலும் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையை மூட 60 நாளுக்கு முன்பே காரணத்தோடு அரசுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பு போயிருக்கிறதா, எந்தத் தேதியில் போனது என்று தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். போகவில்லை என்றால் ஏப்ரல் கடைசி என்ற தேதி வெறும் வாய்ப்பேச்சு, பத்து நாள் கெடுவுக்கும் அடிப்படை இல்லை.

விடுதியில் தங்கி வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளர்களையும், ஒப்பந்தக்காரர் மூலம் வருபவர்களையும் சேர்த்தால் கடந்த பன்னிரண்டு மாதச் சராசரி 300-ஐ எட்டுகிறதா என்பதையும் சங்கம் பார்க்க வேண்டும். எட்டினால் முன் அனுமதி வேண்டும் என்ற வாதத்தை எழுத்தில் வைக்கலாம். அது நிற்குமா என்பது, அந்தத் தொழிலாளர்களுக்கு வேலை சொல்வதும் ஷிப்ட் போடுவதும் சம்பளம் தருவதும் உண்மையில் யார் என்பதைப் பொறுத்தது.

நிர்வாகம் இன்னொன்றும் சொல்லக்கூடும்: 'நஷ்டத்தில் மூடுகிறோம், எங்கள் கையை மீறிய சூழ்நிலை, மூன்று மாதச் சம்பளம்தான் தர முடியும்.' தவிர்க்க முடியாத சூழ்நிலையில் மூடினால் நஷ்ட ஈடு மூன்று மாதச் சராசரி ஊதியத்தைத் தாண்ட வேண்டியதில்லை என்ற விதி இருப்பது உண்மை. ஆனால் நஷ்டம் உள்ளிட்ட நிதி நெருக்கடியும், விற்காமல் சரக்கு தேங்கியதும் தவிர்க்க முடியாத சூழ்நிலை ஆகாது என்று அதே விதி வெளிப்படையாகச் சொல்கிறது. பஞ்சு விலைக்கு ஏற்ப நூல் விலை ஏறவில்லை, மின்கட்டணம் கூடிவிட்டது, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதில் திருப்பூருக்கு ஆர்டர் அடிபட்டது, இவையெல்லாம் நடந்தவைதான். எதுவும் உங்கள் 25 வருஷத்தை மூன்று மாதமாகச் சுருக்கக் காரணம் ஆகாது.

ராஜினாமா என்ற சொல்லால் நீங்கள் இழக்கும் இன்னொரு தொகை பெரும்பாலான தொழிலாளர்களுக்குத் தெரிவதே இல்லை. இ.எஸ்.ஐ.யில் 2005 முதல் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று வேலையிழப்பு உதவித்தொகை இருக்கிறது. ஆலை மூடியதாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்தவர், குறைந்தது இரண்டு ஆண்டு இ.எஸ்.ஐ. சந்தா கட்டியிருந்தால், முதல் 12 மாதம் ஊதியத்தில் 50 சதவீதமும் அடுத்த 12 மாதம் 25 சதவீதமும் பெறலாம். இடையில் வேறு வேலை கிடைத்தால் நின்றுவிடும். அந்தக் காலத்தில் உங்களுக்கும் குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமும் உண்டு. உங்கள் சம்பளத்துக்கு முதல் ஆண்டில் மாதம் சுமார் 10,000, இரண்டாம் ஆண்டில் சுமார் 5,000. முழுக் காலமும் வேலை கிடைக்காமல் போனால் 1,80,000 அளவுக்கு வரும். தானாக ராஜினாமா செய்தவருக்கும் விருப்ப ஓய்வு வாங்கியவருக்கும் இது கிடையாது. இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் முதலில் கேட்கும் கேள்வியே 'ஏன் வேலை போனது' என்பதுதான். ஆலை மூடல் அறிவிப்பின் நகலோ, அதைக் குறிப்பிடும் பணிநீக்கக் கடிதமோ கையில் இருக்க வேண்டும்.

இனி அந்தக் காகிதம். இப்படிப்பட்டவற்றில் வழக்கமாக மூன்று வரி இருக்கும்: 'எனது சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்', 'முழுமையும் இறுதியுமான தொகையைப் பெற்றுக்கொண்டேன்', 'இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை'. தொகை எழுத வேண்டிய இடமும் தேதியும் காலியாக இருக்கும், ரெவின்யூ ஸ்டாம்ப் மட்டும் ஒட்டியிருக்கும். பணம் கைக்கு வரும் முன்பே 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கொடுப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. கிராஜுவிட்டி இவ்வளவு, நஷ்ட ஈடு இவ்வளவு, நோட்டீஸ் சம்பளம், விடுப்பு, போனஸ், பிடித்தம் என்று தனித்தனியாகப் போட்ட கணக்குத் தாளைக் கேளுங்கள். 'எல்லாம் சேர்த்து' என்று ஒரே தொகையாக எழுதினால், பிறகு கிராஜுவிட்டி குறைந்தது என்று நீங்கள் முறையிடும்போது அதற்குள்ளேயே எல்லாம் அடங்கிவிட்டது என்பார்கள்.

பணத்தை மறுக்க வேண்டாம். வாங்கும்போது உங்கள் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே இப்படி எழுதுங்கள்: 'நிறுவனம் ஆலையை மூடுவதால் என் வேலை முடிவுக்கு வருகிறது. மேலே கண்ட தொகைகளைப் பெற்றுக்கொண்டேன். எனக்கு வரவேண்டிய மீதியைக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் பெறுகிறேன்.' தேதி போட்டு, நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தொகை வங்கிக் கணக்கில் வரட்டும். பின் தேதியிட்ட காசோலை வேண்டாம். புதிய ஊதியச் சட்டப்படி, வேலை முடிந்து இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைக் கொடுத்தாக வேண்டும். கிராஜுவிட்டிக்கு 30 நாள். அதைத் தாண்டினால் வட்டியும் சேரும். தராவிட்டாலும் குறைத்துத் தந்தாலும் தொழிலாளர் துறையில் உள்ள கிராஜுவிட்டி கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுப் போடலாம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட உங்கள் சகத் தொழிலாளர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். ராஜினாமாவை நிர்வாகம் ஏற்பதற்கு முன் திரும்பப் பெறலாம். 'மில் மூடுகிறது, இப்போது போடாவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்று சொன்னதால் கையெழுத்திட்டேன். என் ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன்' என்று இரண்டு வரி எழுதி, ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் நிர்வாகத்துக்கும், நகலைத் தொழிலாளர் உதவி ஆணையருக்கும் அனுப்பினால் போதும். தாமதம் செய்தால், ஏற்றுக்கொண்டோம் என்ற கடிதம் முந்திவிடும். ஜாபர், மேஸ்திரி, சூப்பர்வைசர் என்று பெயர் உள்ளவர்களிடம் 'நீங்கள் தொழிலாளி இல்லை, உங்களுக்கு இதெல்லாம் வராது' என்பார்கள். பெயரை வைத்து அது முடிவாகாது. மேற்பார்வைதான் முக்கிய வேலை, அதோடு மாத ஊதியம் 18,000-க்கு மேல் என்றால்தான் அவர் வரையறைக்கு வெளியே போவார். மெஷினில் கை வைத்து வேலை செய்கிற ஜாபர் தொழிலாளிதான்.

இதுவரை சொன்னது சட்டம் தரும் குறைந்தபட்சம். அதற்கு மேலே போவது சங்கம் பேசுவதில் இருக்கிறது. மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையை மூடப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். தொழிலாளர்கள் சேர்ந்து நின்று ஓராண்டு பேசி, சட்டம் சொல்லும் 15 நாளுக்குப் பதிலாக ஆண்டுக்கு 100 நாளுக்கும் மேற்பட்ட ஊதியத்தை வாங்கினார்கள். கார் கம்பெனியின் நிதி வசதி ஒரு நூற்பாலைக்கு இல்லை; அந்த எண்ணை உங்கள் மில்லில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் தனித்தனியாக அழைத்துக் கையெழுத்து வாங்கும் இடத்தில் 15 நாள்கூட வராது என்பதற்கு உங்களுக்கு நீட்டிய மூன்றரை லட்சமே சாட்சி.

ஒப்பந்தம் போடுவதாக இருந்தால் சமரச அதிகாரி முன்னிலையில் போடச் சொல்லுங்கள். மில்காரர்கள் இன்னும் 12(3) என்று பழைய சட்டப் பிரிவின் பெயரில் சொல்வது அதைத்தான். அது எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும்; நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் போடும் 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். தவணையாகத் தருகிறோம் என்றால் ஒவ்வொரு தவணைக்கும் தேதி, தவறினால் வட்டி, மில் நிலம் விற்றால் முதல் தொகை தொழிலாளர் பாக்கிக்கு என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். மூடுவதற்கு முன்பே ரிங் ஃப்ரேம்களைக் கழற்றி லாரியில் ஏற்றத் தொடங்கினால் அன்றைக்கே சமரச அதிகாரிக்கு எழுதுங்கள். வக்கீல் கட்டணத்துக்குப் பயந்து யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. தொழிற்சாலைத் தொழிலாளி என்ற தகுதியிலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி கேட்கலாம். வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள். பணிநீக்கம் பற்றிய தாவாவை இரண்டு ஆண்டுக்குள் எழுப்பிவிட வேண்டும்.

வங்கி ஏதாவது மில்லின் மீது திவால் மனுப் போட்டிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அப்படியானால் கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் நியமிக்கும் அதிகாரி, பாக்கி உள்ளவர்கள் மனுத் தரலாம் என்று செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிடுவார். அதில் சொன்ன கெடுவுக்குள் தொழிலாளர்களும் தங்கள் பாக்கியை எழுதிக் கொடுக்க வேண்டும், தானாக யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மில் கலைக்கப்பட்டால் அதற்கு முந்தைய 24 மாதத் தொழிலாளர் பாக்கி, அடமானம் வாங்கிய வங்கிக்குச் சமமான வரிசையில் நிற்கும். பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிகளைக் கடன்காரர்கள் தொட முடியாது.

பி.எஃப். பணத்தை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். முதலில் பாஸ்புக்கைத் திறந்து கடைசி ஓராண்டைப் பாருங்கள். தடுமாறும் மில்களில் சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கட்டாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. ஏதாவது ஒரு மாதம் விட்டிருந்தால் அந்த மாதச் சம்பளச் சீட்டோடு பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுங்கள். நிர்வாகத்திடம் அதை வசூலிப்பது அவர்கள் பொறுப்பு. ஆதாரில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் பி.எஃப். பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். மாறியிருந்தால் நிர்வாகம் ஒப்புதல் தர வேண்டிய திருத்தங்களை ஆபீஸில் ஆள் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். விலகிய தேதியை நிர்வாகம் பதிவு செய்யாவிட்டால், கடைசி சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம்.

வேலை போன ஒரு மாதத்தில் 75 சதவீதம் வரை எடுக்கலாம் என்பது 2018 முதல் இருக்கும் வசதி. முழுத் தொகைக்கான காத்திருப்பை இரண்டு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக நீட்ட 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு முடிவு செய்தது. எனவே முழுப் பணமும் உடனே வரும் என்று நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வேலை இல்லாவிட்டாலும் 58 வயது வரை அந்தப் பணத்துக்கு வட்டி ஏறும். வீட்டுச் செலவுக்கு ஆறு மாதத் தேவையை நஷ்ட ஈட்டிலிருந்து ஒதுக்கிக்கொண்டு, பி.எஃப்.பைத் தொடாமல் விடுவதே என் ஆலோசனை. வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். தனியார் துறையில் கிராஜுவிட்டிக்கு 20 லட்சம் வரையும் ஆட்குறைப்பு நஷ்ட ஈட்டுக்கு 5 லட்சம் வரையும் விலக்கு இருக்கிறது.

பென்ஷன் பகுதி தனி. பத்து ஆண்டுக்கு மேல் சர்வீஸ் இருப்பதால் அதை மொத்தமாக எடுக்க முடியாது, எடுக்கவும் தேவையில்லை. 50 வயது ஆகிவிட்டதால் இப்போதே பென்ஷன் வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். 58-க்கு முன் வாங்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும். 51-ல் வாங்கினால் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும், அந்தக் குறைவு ஆயுள் முழுக்கத் தொடரும். அடுத்த வேலையில் அதே யு.ஏ.என். எண்ணை (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுங்கள். பி.எஃப். இல்லாத இடத்தில் சேர்ந்தால் ஸ்கீம் சர்டிபிகேட் (இதுவரையிலான பென்ஷன் சர்வீஸுக்கான சான்று) வாங்கி வையுங்கள்.

சொசைட்டிக் கடனுக்கு வருவோம். மில் ஆபீஸ் சொல்லும் பாக்கியை அப்படியே ஏற்க வேண்டாம். சம்பளத்தில் பிடித்த தவணைகள் சொசைட்டிக்குப் போய்ச் சேர்ந்தனவா என்பதே முதல் சந்தேகம். சொசைட்டி செயலாளரிடம் இன்றைய தேதிக்கு அசல், வட்டி, நீங்கள் கட்டிய பங்குத் தொகை, சிக்கனச் சேமிப்பு நான்கையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். உறுப்பினர் விலகும்போது பங்குத் தொகையும் சேமிப்பும் திரும்ப வர வேண்டியவை. அவற்றைக் கழித்த பிறகு ஒன்றரை லட்சம் கணிசமாகக் குறையும். மீதியை நஷ்ட ஈட்டிலிருந்து அடைத்து, பாக்கி இல்லை என்ற சான்றிதழ் வாங்கிவிடுங்கள். அந்த வட்டியை இனி சுமப்பதில் லாபமில்லை. நீங்கள் வேறு யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், அவர் கணக்கும் முடிந்ததா என்று அதே நாளில் கேளுங்கள். மில் மூடிய பின் சொந்த ஊர் போய்விட்டவரின் கடன் ஜாமீன்தாரர் வீட்டுக்குத்தான் வரும்.

ஆபீஸ் திறந்திருக்கும்போதே வாங்க வேண்டிய கடைசிக் காகிதம் அனுபவச் சான்றிதழ். 'ஃபிட்டராக 25 ஆண்டு பணிபுரிந்தார்' என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். எந்த மாடல் ரிங் ஃப்ரேம், எத்தனை ஸ்பிண்டில், ஸ்பிண்டில் அலைன்மென்ட், டிராஃப்டிங் செட்டிங், ஓவர்ஹாலிங் எல்லாம் தனியாகச் செய்தவர் என்று எழுதச் சொல்லுங்கள். பல்லடம், உடுமலை, திண்டுக்கல் மில்களில் மெயின்டனன்ஸ் ஆள் எடுப்பவர்கள் அந்த வரிகளைத்தான் தேடுவார்கள். உங்கள் ஃபோர்மன் அங்கே இருக்கும்போதே கேளுங்கள். வாசகத்தை நீங்களே தயார் செய்து கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரே நாளில் கையெழுத்து வாங்கிவிடலாம்.